மூலையில் நான் எழுதிய எண்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒன்றையும் கூட்ட மாட்டேன். எனக்கு வெட்கம் தரும் பகுதியையும் விட மாட்டேன். இரண்டு பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை: ஒன்று அப்பா வேலை செய்யும் இலாகாவின் பெயர், மற்றது என் அத்தை வேலை செய்யும் தோட்டத்தின் பெயர். பெயரை விடுவது பொய் சொல்வதாகாது என்று அப்பா சொன்னார்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் செய்தி வந்தது. என் அப்பா மாரிமுத்து அந்த இலாகாவின் ஈப்போ ஆபீசில் பியூன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், சட்டையில் குத்தியிருக்கும் பியூன் சின்னமான பித்தளை வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் தண்ணீர் கேட்பார். அன்று வில்லையோடேயே வாசற்படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"சரசு, கிராணி ஐயா போயிட்டாரும்மா. பாரிட் புந்தார்ல. காய்ச்சலாம். வியாழக்கிழமையே முடிஞ்சிருச்சு."

"வியாழக்கிழமையா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இன்னைக்குத்தான் சொல்றாங்களா?"

"தந்தி நேத்தே வந்திருச்சு புள்ள. எனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே. தட்டுல வச்சு மேசை மேசையா நாந்தான் தூக்கிட்டுப் போயிருக்கேன், ஒண்ணும் தெரியாம."

அம்மா அழுதாள். அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். அவரைப் பாரிட் புந்தாருக்கு அனுப்பியது நான்தான் என்பது இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்.

அப்பாவின் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த வைத்திலிங்கம் கிராணியாரை வாசகசாலைக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். ஏன் எப்போதும் அந்த நாற்காலி என்று செயலாளர் ஒரு நாள் கேட்டதற்கு, "நெருப்புப் பிடிச்சால் முதல் ஆளாய் வெளியிலை போகலாம் எல்லோ" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாய், இடி, துரையின் கார், உறை ஒட்டிய கடிதம் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார். மாலையில் ஆபீசைப் பூட்டியபின் விளக்கு அணைந்ததா என்று பார்க்க வாசலிலிருந்து மூன்று முறை திரும்பிப் போவார். "விளக்கு தூங்கிருச்சு ஐயா, நீங்களும் போய்த் தூங்குங்க" என்று அப்பா கேலி செய்வார். சின்னக் கிராணிகள் அவருக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். "சரியான பேர்தான். ஊரிலை என்ரை மனுசியும் அப்பிடித்தான் சொல்லுவா" என்பார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் மூன்று பெண்களும் அங்கேதான். இங்கே எங்கள் சந்தில் அடுத்த வீட்டு முன்னறையில் குடியிருந்தார். இரண்டு வேளைச் சாப்பாடும் எங்கள் வீட்டில்.

அவர் பாரிட் புந்தாருக்கு மாற்றப்பட்டது ஏன் என்று நீங்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு காகிதக் கட்டைத் தொலைத்துவிட்டார், வயதாகிவிட்டது, மறதி என்று சொன்னீர்கள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தையும் தொலைத்தவர் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாலையில் அப்பா ஆபீசிலிருந்து முந்தின நாள் ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவருவார். கோப்பி குடிக்கும் நேரத்தில் நான் அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். அதில் வரும் சட்டசபை நடவடிக்கைகள் எனக்குப் பிடிக்கும். கோலாலம்பூரில் சபை கூடும்போது உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அரசாங்கத்தின் சார்பில் ஒருவர் எழுந்து மறுமொழி சொல்வார். கேள்வியும் மறுமொழியும் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதைப் பார்த்தால் பள்ளிப் பரீட்சையைப் போல் இருக்கும்.

அப்படி ஒரு மாலை, எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் கேட்ட கேள்வி வந்திருந்தது. அவர் அந்தச் சபையில் உறுப்பினர். எங்கள் பேராக் மாநிலத்தில் தோட்டத்து மக்கள் குடிக்கும் நீர் நன்றாக இல்லை என்பதை அரசாங்கம் அறியுமா என்று கேட்டிருந்தார். குறிப்பிட்ட புகார் எதுவும் இலாகாவின் கவனத்துக்கு வரவில்லை என்பது மறுமொழி.

அப்பா குவளையைக் கீழே வைத்தார். "என்னது? திரும்பப் படி."

நான் திரும்பப் படித்தேன்.

"வரலையா? மூணு தடவை நானே தூக்கிட்டுப் போனேனே! அஞ்சலை கைநாட்டு இருக்குலா அதுல!"

அஞ்சலை அத்தை அப்பாவின் தங்கை. நாங்கள் முன்பு இருந்த ரப்பர்த் தோட்டத்தில் இன்னும் பால் வெட்டுகிறாள். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், கிணறு. மழை பெய்தால் லயத்துச் சாக்கடையும் கக்கூஸ் தண்ணீரும் அதில்தான் இறங்கும். அந்த வருடம் அந்த லயத்தில் பல குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. அத்தையின் கைக்குழந்தையும் போயிற்று. பெண்கள் சேர்ந்து தோட்டத்துப் பள்ளி வாத்தியாரிடம் மனு எழுதி வாங்கிக் கைநாட்டு வைத்து அனுப்பினார்கள், மூன்று முறை. அத்தையின் கட்டைவிரல் நுனியைப் பால்வெட்டுக் கத்தி எடுத்துவிட்டது. அவள் கைநாட்டு அரை நிலா போல் இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்த அரை நிலாவைத் தெரியும்.

கிராணியார் எங்களோடு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் குவளை தட்டில் மோதிச் சத்தம் போட்டது.

"என்ன ஐயா, உடம்புக்கு ஆகலையா?" என்று அம்மா கேட்டாள்.

"அந்த மறுமொழி நான் எழுதினது, தங்கச்சி."

அவரே மளமளவென்று சொல்லிக்கொண்டு போனார், யாரோ விசாரிப்பது போல. கேள்வி முதலில் இலாகாவுக்கு வரும். மறுமொழி தயார் செய்க என்று எழுதித் துரை இவர் தட்டில் போடுவார். இவர் எழுதுவார். துரை கையெழுத்துப் போட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்புவார்.

"அங்கை எழும்பி நிண்டு வாசிக்கிறவருக்கு இந்தக் கிணறு எங்கை கிடக்கெண்டே தெரியாது. துரைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ‘குறிப்பிட்ட’ எண்டு ஒரு சொல்லைப் போடச் சொன்னார். போட்டன். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அப்பா நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொண்டுபோய் வைப்பார்.

ஐந்தாம் நாள் அத்தை, இருந்த ஒரே பெண் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தைக்கும் அதே நோய். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கோட்டுப் போட்ட கிராணியாரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"ஐயா, மூணு வாட்டி எழுதிப் போட்டோம். படிச்சவங்க யாராச்சும் அதப் பாத்திருப்பாங்களா ஐயா?"

"ஓம் அம்மா, பார்த்தவை" என்றார் கிராணியார். கும்பிட்ட அந்தக் கையை அவரால் பார்க்க முடியவில்லை. சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். (அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அப்போது எங்களுக்கு அது தெரியாது.)

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு எங்கள் அடுப்படிக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார். முன்வாசலில் மிளகாய் இடிக்கும்படி அம்மாவை அனுப்பினார், யாராவது வந்தால் இடிப்பதை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கோட்டுப் பையிலிருந்து பென்சிலில் எழுதிய ஒரு தாளை எடுத்தார்.

"பிள்ளை, உன்ரை ஸ்கூல் கையெழுத்திலை இதை எழுதித் தருவியோ? என்ரை எழுத்து ஈப்போவிலையிருந்து கோலாலம்பூர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்."

மிஷன் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். பயமும் பெருமையும் சேர்ந்து வந்தன. அது சபையில் கேட்க வேண்டிய கேள்வி. முன்பு கேட்டதைப் போல் இல்லை. இன்ன தோட்டத்துக் கிணற்றைப் பற்றி இலாகாவுக்கு வந்த மனுக்கள் எத்தனை, அவை எப்போது எப்போது வந்தன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவ்வளவுதான்.

"இவ்வளவு சின்னதா?" என்று கேட்டேன்.

"‘அறியுமா’ எண்டு கேட்டால் ‘அறியாது’ எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். ‘எத்தினை’ எண்டு கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லத்தான் வேணும். கேள்விக்கு ஒரு வாசல்தான் இருக்க வேணும். ரெண்டு வைச்சால் மறுமொழி மற்ற வாசலாலை ஓடிப்போயிடும்." சொல்லிவிட்டுத் தன் குரலுக்கே பயந்து கதவைப் பார்த்தார். "ஆக்கள் வர முந்திக் கெதியா எழுது. உள்ளபடி எழுது. ஒரு சொல்லும் கூடக் குறையக் கூடாது."

உள்ளபடி எழுதினேன். தாளின் மேல்மூலையில் ஓர் எண் இருந்தது, சாய்கோடும் வருடமும் போட்டு. அதையும் அதே மூலையில் அழகாக எழுதினேன். அது ஆபீசில் அந்த மனுக்கட்டின் எண் என்று எனக்குத் தெரியாது. தன் ஞாபகத்துக்காக அவர் குறித்து வைத்தது என்றும் தெரியாது. எங்கள் பரீட்சைத் தாளின் மூலையிலும் எண் இருக்கும், அது போல என்று நினைத்தேன்.

எழுதி முடித்து அவரிடம் நீட்டினேன். அவர் பதறிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குக் காட்டாதை! நாளைக்குக் கேட்டால், நான் அந்தக் காகிதத்தைக் கண்ணாலும் பார்க்கேல்லை, கையாலும் தொடேல்லை எண்டு சத்தியம் பண்ண வேணும் எல்லோ."

ஒரு முறை பார்த்திருந்தால் அந்த எண்ணைக் கண்டிருப்பார். ஆபீசில் ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று முறை சரிபார்க்கிறவர், இந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பென்சில் தாளை அடுப்பில் போட்டு, கரியாகும் வரை குச்சியால் கிளறினார். நான் எழுதியதை அப்பா மடித்துக் குடைக்குள் வைத்து வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோனார். மழையே இல்லாத நாளில் குடையோடு போகிற அப்பாவைச் சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வக்கீலின் தட்டச்சுக்காரரும் என்னைப் போலவே உள்ளபடி அடிக்கிறவராக இருந்திருக்க வேண்டும். மூலையில் இருந்த எண்ணையும் சேர்த்து அடித்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்துக் கேள்வி வழக்கம்போல இலாகாவுக்கு வந்தது. துரையின் அறையிலிருந்து அதைத் தட்டில் வைத்துக் கிராணியாரின் மேசைக்குக் கொண்டுபோனவர் அப்பாதான். கிராணியார் படித்தார், எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கூஜாவில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார் என்று அப்பா சொன்னார். அதற்குள் துரையின் மணி அடித்தது.

சபை உறுப்பினருக்கு நம் கட்டின் எண் எப்படித் தெரியும்? துரையின் கேள்வியும் ஒரு வாசல் கேள்வியாகத்தான் இருந்தது. அந்த எண்ணை அறிந்தவர்கள் மூவர்: துரை, பதிவேட்டை வைத்திருக்கும் கிராணியார், கட்டைத் தூக்கும் பியூன். பியூன் அதே தோட்டத்திலிருந்து வந்தவன், அவன் தங்கை இன்னும் அங்கே இருக்கிறாள் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். துரை கிராணியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டாச்சிணுங்கியை அவர் சந்தேகிக்கவே இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு, பித்தளை வில்லையை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

அப்பா பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தார். நெஞ்சில் வில்லை இருந்த இடத்தில் துணி மட்டும் வெளுக்காமல் வட்டமாக இருந்தது.

"ஏதோ நம்பராம். நான் குடுத்தேனாம்" என்றார். "எனக்கு எழுதவே தெரியாதுனு சொன்னேன். சிரிக்கிறாங்க."

"இப்ப எங்க போறது?" என்றாள் அம்மா.

"எங்க போறது? தோட்டத்துக்குத்தான். அஞ்சலை வீட்டுக்கு."

அந்தக் கிணற்றுக்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அதையேதான் நினைத்தோம்.

நம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய், அந்தக் கேள்வியை எழுதிய பேனாவை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் கிராணியார் சாப்பிட வரவில்லை. அம்மா அவர் கதவைத் தட்டினால், "வேண்டாம் தங்கச்சி. காய்ச்சல் மாதிரிக் கிடக்கு" என்று குரல் மட்டும் வந்தது. "அந்த மனுசன் வாயத் தொறக்க மாட்டாரு. அவருக்கு மூணு பொண்ணுங்க" என்று அப்பா சொன்னார், கோபமே இல்லாமல்.

எனக்கு வெட்கம் தரும் பகுதி இதுதான். அந்த இரண்டு நாட்களில், கிராணியார் பேசாமல் இருந்துவிட்டால் மூலையில் எண்ணை எழுதியது யார் என்பது வெளியே வராது என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான் நினைத்தேன். ஆனால் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவர் வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். சவரம் செய்யும்போது முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் சிந்தியது.

"மாரிமுத்து, சட்டையைப் போடுங்கோ. வேலைக்கு நேரமாச்சு."

"வேலையே இல்லீங்களே ஐயா."

"இருக்கு. வாங்கோ."

இருவரும் போவதை வாசலிலிருந்து பார்த்தேன். சந்து முனையில் சீனன் கடை நாய் படுத்திருந்தது. அன்றும் கிராணியார் அதைக் கண்டு எதிர்ப்பக்கம் போய்த்தான் நடந்தார்.

துரையின் அறைக்கு அரைக்கதவு. அப்பா வெளியே நின்றார். உள்ளே பேசியதில் அவருக்குப் புரிந்தவை சில சொற்களே: "மை ரெஜிஸ்டர், சார். மை ஹேண்ட்." பதிவேடும் தன்னுடையது, எண்ணைக் கொடுத்த கையும் தன்னுடையது என்று. அரைக்கதவுக்குக் கீழே கிராணியாரின் கால்கள் தெரிந்தன. "ரெண்டு காலும் அப்படி ஆடுது சரசு. விழுந்துருவாரோனு ஓடிப் போய்ப் பிடிக்கலாம்னு பாத்தேன். ஆனா விழலை. பேச்சையும் நிறுத்தலை" என்று அப்பா பின்பு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றியோ, குடையைப் பற்றியோ கிராணியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வில்லை திரும்பக் கிடைத்தது. கிராணியாரைத் துரையால் உடனே அனுப்பவும் முடியவில்லை. கேள்வியில் எண் இருந்ததால், அந்தக் கட்டையே அனுப்பும்படி கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. கட்டை அனுப்பியபின் அதற்கு மாறாக எழுத முடியாது. ஆகவே கிராணியாரே உட்கார்ந்து மறுமொழியை எழுதினார். மனுக்கள்: மூன்று. வந்த தேதிகள் இன்னின்னவை. எடுத்த நடவடிக்கை: எதுவுமில்லை. துரை அதன் கீழே கையெழுத்துப் போட்டார். இவரை வேலையை விட்டு நீக்கினால் காரணம் எழுத வேண்டும். ஆகையால் கட்டொன்றைக் கவனக்குறைவாக வைத்திருந்தார் என்று குறித்து, கீழ்நிலைக் கிராணியாகப் பாரிட் புந்தாருக்கு மாற்றினார்கள். நீங்கள் கேள்விப்பட்ட ‘தொலைந்த கட்டு’ அதுதான். அது ஒரு நாளும் தொலையவில்லை.

ஈப்போ ரயிலடிக்கு நானும் அப்பாவும் போனோம். அப்பா பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கிராணியார் என் பக்கம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை, அந்த நம்பரைப் போட்டது ஆர் எண்டு நான் கேட்கேல்லை."

"நான்தான் ஐயா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஓம், தெரியும். அழாதை, ஆக்கள் பார்க்கினம்." அப்போதும் பயந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "சொல்றதைக் கேள். அந்த நம்பர் இல்லாட்டிக் கோலாலம்பூர்க்காரர் கட்டைக் கேட்டிருக்க மாட்டினம். துரை இந்த முறையும் ‘இல்லை’ எண்டு எழுதச் சொல்லியிருப்பார்."

"நீங்க எழுதியிருக்க மாட்டீங்க ஐயா."

அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"எழுதியிருப்பன்" என்றார். "எழுதியிருப்பன், பிள்ளை. ஒருக்கா எழுதினவன்தானே."

வண்டியில் ஏறினார். உட்காருவதற்கு முன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

சபை கூடிய மறுநாள் பத்திரிகையில் அந்த மறுமொழி வந்தது. நான் படித்தேன். "மூணு" என்றார் அப்பா. "இன்னொரு தடவை படி." அன்று மாலை ஆறு முறை படிக்கச் சொன்னார். சில மாதங்களில் தோட்டத்தில் லயத்துக்கு மேலே, மேட்டில், புதுக் கிணறு வெட்டி மூடி போட்டார்கள். முதல் முறை இறைத்த தண்ணீரை அத்தை ஒரு போத்தலில் அடைத்துக் கிராணியாருக்கென்று கொண்டுவந்தாள். அவர் போய்விட்டார் என்று சொன்னோம். அவள் அதைத் திரும்பக் கொண்டுபோகாமல் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பாரிட் புந்தாரிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. சுற்றிலும் வயல், இரவெல்லாம் தவளைச் சத்தம், கொசு அதிகம், நாயும் அதிகம் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், பிள்ளை பேனாவை எடுத்துவிட்டதா என்று கேட்டிருந்தார். அரிசி எடுக்கும்போது பேனாவைக் கண்ட அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தந்தி.

அவர் ஈப்போவிலேயே இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் டீச்சரிடம் வேறு யாரோ கேட்பது போலக் கேட்டேன். காய்ச்சல் எந்த ஊரிலும் வரும் என்றார். அது இரண்டு வாசல் மறுமொழி. இன்றுவரை எனக்கு அந்தப் பயம் போகவில்லை. இதை எழுதியபின்னும் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் இன்னும் அதே ஆபீசில்தான் பியூன். அந்தத் துரை வேலை முடிந்து சீமைக்குப் போய்விட்டார், ஆனால் வேறு துரை வந்திருக்கிறார்.

"தமிழ்ல எழுதினா எந்தத் துரைக்குத் தெரியப் போகுது லா" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "குடையையும் எழுது. அவரு மறைச்சது நமக்காக. நாம எதுக்கு மறைக்கணும்? உள்ளபடி எழுது" என்றார்.

கிராணியாரை அறிந்த நீங்கள் அவரைத் தைரியசாலி என்று பேச வேண்டாம். அவர் அந்தச் சொல்லை ஏற்க மாட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ரயிலடியில் சொன்ன அந்த ஒரு சொல், ‘எழுதியிருப்பன்’. பொய் சொல்ல எனக்கு வாய் வரும்போதெல்லாம் அது காதில் கேட்கிறது. கூடவே, எதையும் ‘அறியுமா’ என்று கேட்காமல் ‘எத்தனை’ என்று கேட்கும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டேன். பேனாவைப் பானையிலிருந்து எடுத்துவிட்டேன். இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

செய்தி வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, மாலை ஆறு மணிக்கு, ஆபீசைப் பூட்டப் போன அப்பா என்னையும் அழைத்துப் போனார். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கிராணியாரின் பழைய மேசையில் அந்தப் பதிவேடு இருந்தது. தொடக் கூடாது என்று தெரிந்தும் திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், புதுக் கிராணியின் கையெழுத்தில், வந்த காகிதங்களின் நடுவே ஒரு வரி இருந்தது. முதலில் ஓர் எண், சாய்கோடும் வருடமும் போட்டு. பிறகு, தந்தி, பாரிட் புந்தார், கிராணி வைத்திலிங்கம் காலமானார். கடைசிக் கட்டம் நடவடிக்கைக்கு உரியது. அதில் எழுதியிருந்தது: எதுவுமில்லை.

பாவாடை மடிப்பில் இருந்த துண்டுத் தாளை எடுத்து, அந்த வரியை ஒரு சொல்லும் கூடக் குறையாமல் எழுதிக்கொண்டேன். எண்ணையும் எழுதினேன், மேல்மூலையில். இந்த முறை அது என்ன எண் என்று எனக்குத் தெரியும்.

"பாப்பா, போலாம்" என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். நான் வெளியே வந்தேன். அவர் விளக்கு விசையைத் தட்டிவிட்டுப் பூட்டினார். படி இறங்கினார். திரும்பப் போய்க் கண்ணாடி வழியே பார்த்தார். மறுபடி இறங்கினார், மறுபடி போனார். மூன்றாம் முறை நானும் கூடப் போய்ப் பார்த்தேன். விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.